‘குட்டி கிடைக்குமா?’: வெளியூரில் பிழைக்கும் ராஜபாளையத்தாரிடம் கேட்கப்படும் வினா குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

போன மாதம் ஒரு கல்லூரியில் பன்னாட்டுக் கருத்தரங்கம். மைத்துனன் கட்டுரை வாசிக்கிறான் என்பதால் போயிருந்தேன். பன்னாடு என்பதற்குச் சான்றாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் திரையில் தோன்றி, ஒலி வராமல் பத்து நிமிடம் உதட்டை அசைத்துவிட்டு மறைந்தார். கை தட்டினோம். வாசிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டுரையும் ‘இதுகாறும் எவரும் ஆராயாத’ ஒன்றை ஆராய்ந்தது. ஏன் எவரும் ஆராயவில்லை என்பதை மட்டும் எவரும் ஆராயவில்லை.

திரும்பும் வழியில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். ராஜபாளையம் என்றேன். “குட்டி கிடைக்குமா?” என்றார். இதுகாறும் எவரும் ஆராயாத பொருள் எனக்கும் அகப்பட்டது.

ஆய்வாளனின் தகுதி

அப்பாவுக்கு ராஜபாளையம், அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் 12 கிலோமீட்டர் போல. தொழில், சத்திரப்பட்டிப் பக்கம் நெய்யும் பேண்டேஜ் துணியை ஊர் ஊராகப் போய் விற்பது. சென்ற ஆண்டு முதல் மாற்றலாகி சென்னை வாசம். ஆகவே இவ்வினாவை மருத்துவமனை ஸ்டோர், லாட்ஜ் வரவேற்பு, ரயில் மேல்படுக்கை, சலூன் நாற்காலி (கழுத்தில் கத்தி இருக்கும்போது) எனப் பல களங்களில் எதிர்கொண்டவன். எண்ணிக்கை கைவிரல் போதாமல் கால்விரலுக்கு இறங்கி, அங்கும் போதாமல் நின்றுவிட்டது. முனைவர் பட்டம் இல்லை. நெறியாளரும் இல்லையாதலால் அவர் பெயரை முதலில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாதிரி அளவு: நாய் ஒன்று. பெயர் மணி. போதாது என்பவர்கள் ஒரு மாதம் அதற்குச் சோறு போட்டுப் பார்க்கலாம்.

வரலாற்றுப் பின்புலம்

பாளையக்காரர் காலத்தில் ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரப் படையை எதிர்த்துப் பாய்ந்ததாகச் சொல்வார்கள். ஆதாரம் என்ன என்று கேட்டேன். “நாயே ஆதாரம்” என்பது பதில் (பெரிய மாமா, திண்ணை). இதைவிடத் தளர்ந்த சான்றுகளின்மேல் நூலகம் நிறைய நூல் கட்டியிருக்கிறார்கள். எனவே ஏற்றுக்கொள்கிறேன்.

எழுத்துச் சான்று 2005ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் மூன்றும் ஆளுக்கு ஐந்து ரூபாய். ராஜபாளையம் மட்டும் 15 ரூபாய். ஊரில் அன்றைக்கு இருந்த பெருமையை விவரிக்கப் புகுந்தால் இக்கட்டுரை காப்பியமாகிவிடும். நாய் மனிதனை நக்குவதே உலக வழக்கு. மனிதன் நாயின் முதுகை நக்கி உறைமேல் ஒட்டிய அரிய நிகழ்வு அப்போதுதான் நடந்தது என்பதைப் பதிவு செய்வதோடு நகர்கிறேன்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாய் இனங்களின் பெயர்களை அடுக்கினார். அதுவரை நேரில் வந்த வினா, அன்று முதல் வாட்ஸாப்பிலும் வரத் தொடங்கியது.

1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவும் எங்கள் ஊர்க்காரர்தான். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர். அவரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வினாவின் வகைப்பாடு

நேர்வினா: “குட்டி கிடைக்குமா?”

விலைவினா: “உங்க ஊர்ல சும்மாவே குடுப்பாங்களாமே?”

அச்சவினா: “கடிக்குமாமே?” இதைக் கேட்பவர் ‘கடிக்கும்’ என்ற விடையையே விரும்புகிறார்.

ஐயவினா: “ராஜபாளையம்ங்கிறீங்க, வீட்ல நாய் இல்லையா?” ஆதார் அட்டையைக் காட்டினாலும் ஆறாத சந்தேகம் இது.

பூனை பற்றி யாரும் கேட்பதில்லை.

முரண்வினா தனியே விளக்கத்தக்கது. மடிப்பாக்கத்தில் வாடகை வீடு பேசும்போது உரிமையாளர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டே சொந்த ஊரைக் கேட்டார். சொன்னதும் பேனா நின்றது.

“நாய் உண்டா?”

“ஊர்ல அம்மாகிட்ட இருக்கு சார்.”

“அங்கயே இருக்கட்டும். இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க.”

கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துப் படியிறங்கினேன். பின்னாலேயே வந்தவர் மனைவிக்குக் கேட்காத குரலில், “எனக்கு ஒண்ணு சொல்லி வைங்களேன். கடுவன் குட்டியா. கீழ என் போர்ஷன்ல வச்சுக்கறேன்” என்றார்.

சிப்பிப்பாறைக்காரர்களின் துயரம் தனி ஆய்வுக்குரியது. அவர்கள் முதலில் ஊர் எங்கிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் குட்டி இல்லை என்று சொல்ல முடிகிறது.

போக்குவரத்தியல்

ரயிலில் நாய் செல்ல வேண்டுமானால் முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அது தனியே பயணம் செய்ய வேண்டும். இரண்டாம் ஏசியிலும் மூன்றாம் ஏசியிலும் தூங்கும் வகுப்பிலும் இடமில்லை. தோள் உயரம் எழுபது சென்டிமீட்டரைத் தொடும் வேட்டை நாயை மேல்படுக்கையில் ஏற்றுவது எப்படி என்ற கேள்வி இதனால் எழாமலே போயிற்று.

அம்மா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரை ஒப்பிட்டால் அநீதி விளங்கும். அவ்வூராரிடம் வெளியூரில் கேட்கப்படுவது பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள், எந்த வகுப்பிலும் பயணம் செய்யும், குரைக்காது. கேட்டவருக்குக் கால் கிலோ கொடுத்து வாயை அடைக்கலாம். இது உவமை அன்று. குட்டி கேட்டவர் வாயை எதைக் கொண்டு அடைப்பது? நான் பால்கோவாவைத்தான் கொடுத்துப் பார்த்தேன். தின்றுவிட்டு, “குட்டி என்னாச்சு?” என்றார்கள்.

பணிநிமித்தப் பயணத்திலும் அவ்வூரே முன்னோடி. ஆண்டாள் சூடிய மாலை ஆண்டுதோறும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி செல்கிறது. பயணப்படி கேட்டு பில் போட்டதாகத் தகவல் இல்லை. வளர்ப்புயிர் விஷயத்திலும் அப்படியே. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு. ஊசி போட வேண்டாம். ஊருக்குப் போகும்போது யாரிடம் விட்டுப் போவது என்ற கவலை வேண்டாம். எந்த வீட்டு உரிமையாளரும் ஆட்சேபிக்க மாட்டார்.

மணி: செவிடா, அலட்சியமா?

இவ்வியல் முதலில் ஒரு பத்தியாகவே திட்டமிடப்பட்டது.

நாய்க்கு மணி என்று பெயரிட்டது அப்பா. ஒலிக்கும் பொருளின் பெயரைத் தாங்கிய இந்நாய், கூப்பிட்டால் திரும்புவதில்லை. அது ஏன் என்பதில் மூன்று மரபுகள் உள்ளன.

முதலாவது செவிட்டு மரபு. இதற்கு அறிவியல் ஆதரவு உண்டு. உடல் முழுக்க வெள்ளையாகவும் மூக்கு ரோஸ் நிறமாகவும் இருக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் அடம் பிடிக்கிறார்கள். அந்த வெள்ளை, நிறமி செல்கள் இல்லாததால் வருவது. அச்செல்கள் உட்காதிலும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. ஆதலால் வெள்ளைக் குட்டிகளில் சில இரு காதும் கேளாமலும், சில ஒரு காது மட்டும் கேட்டும் வளர்கின்றன. தூய வெள்ளைக்கு விலை நாம் கொடுப்பதாக நினைக்கிறோம். காதைக் கொடுப்பது நாய். களச்சான்று: சிவகாசிக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு மணி தீபாவளி முழுவதும் தூங்கியது (அம்மா, சமையலறை).

இரண்டாவது அலட்சிய மரபு. தீபாவளியன்று பெரிய மாமாவும்தான் தூங்கினார், அவருக்குக் காது கேட்காதா என்று இவர்கள் கேட்கிறார்கள் (பக்கத்து வீட்டு அக்கா, குழாயடி, காலை 6.15, குடம் நிரம்பியதால் வாதம் பாதியில் நிற்கிறது). சோற்றுத் தட்டைக் கீழே வைத்தால் எங்கிருந்தாலும் வருகிறதே என்பது இவர்களின் வலுவான சான்று. தட்டு வைக்கும் அதிர்வு தரை வழியே காலுக்குப் போகிறது என்பது செவிட்டு மரபினரின் பதிலுரை. தட்டை மெத்தைமேல் வைத்துச் சோதித்தேன். வந்தது. மெத்தை துவைக்கப் போனது.

மூன்றாவது மொழி மரபு. மணி பிறந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. எங்கள் ஊரில் ராஜுக்கள் வீடுகளில் வழங்கும் தெலுங்கு ஆந்திரக்காரர்களையே திகைக்க வைப்பது. ஆகவே தமிழில் கூப்பிட்டால் நாய் எப்படி வரும் என்பது இவர்களின் வாதம். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் கற்றுக்கொண்டு ‘ரா’ என்றேன். அசையவில்லை. ஒருமையில் அழைத்தது பிழையோ என்று ‘ரண்டி’ என்று மரியாதையாக அழைத்தேன். எழுந்தது. என் இதயம் நின்றது. நிழல் நகர்ந்திருந்ததால் மூன்று அடி தள்ளிப் படுத்துக்கொண்டது. மைத்துனன் ஆங்கிலத்தில் ‘கம்’ என்றான். அதற்கு மணி கொட்டாவி விட்டதை எல்லா மரபினரும் தமக்குச் சாதகமாகவே பொருள் கொள்கின்றனர்.

இம்மூன்றையும் இணைத்துப் பெரிய மாமா ஒரு கோட்பாடு சொன்னார்: மணிக்குக் காது கேட்கும், ஆனால் நம்மிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை என்று அது முடிவு செய்துவிட்டது (திண்ணை உரைகள், தொகுதி நான்கு, வெற்றிலைக்கு முன்). வெற்றிலைக்குப் பின் வந்த திருத்திய பதிப்பில் அவரே இதைக் கைவிட்டார். அப்பதிப்பில் சாறு தெறித்த இடங்கள் வாசிக்க இயலாதவை. மறுநாள் அவர் தம் கைவிடலையே மறுத்தார். அம்மறுப்புக்கு அத்தை அடுப்படியிலிருந்து ஓர் உரை எழுதினார்: “ஒங்களுக்கு மட்டும் நான் சொல்றது கேக்குதா?” அவ்வுரைக்கு மாமா காட்டிய முகம் இன்னும் பதிப்பிக்கப்படவில்லை. காட்டியபோது அருகில் படுத்திருந்த மணியின் முகத்தோடு அது பெரிதும் ஒத்திருந்தது என்று மட்டும் பாடபேதம் குறிக்கலாம்.

கால்நடை மருத்துவர் ஒருவர், தலையில் மின்முனை பொருத்தி மூளைக்கு ஒலி எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே சொல்லிவிடலாம் என்றார். ஆய்வுலகில் ஒரு பூசல் தீர்ந்துவிட்டால் எத்தனை பேர் பிழைப்புப் போகும் என்பதை எண்ணி மறுத்துவிட்டேன்.

முடிவுரைக்கு மாறாக ஒரு களக்குறிப்பு

சென்ற வாரம் பொதிகையில் ஊருக்கு வந்தேன். ரயில் ராஜபாளையத்துக்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். சித்தப்பா அங்கே சன்னல் வழியாக ஒரு பால்கோவாப் பொட்டலத்தை நீட்டினார். சென்னையில் பன்னிரண்டு பேர் குட்டி கேட்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்தப் பொட்டலம் கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

விடியவில்லை. கேட்டைத் திறந்தேன், கிரீச்சிட்டது. மணி வாசலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. “மணி” என்றேன். அசைவில்லை. கொஞ்சம் உரக்க, பிறகு தெலுங்கில். உள்ளே அம்மா விழித்துக்கொண்டு, “வந்துட்டியாப்பா?” என்றாள். மணி மட்டும் அப்படியே. பைகளை இறக்கி வைத்துப் படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தேன்.

இடது காது மட்டும் லேசாக அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.