ஒரு டிஷ், இரண்டு எசமானர்கள்

2001-இல் பிரிட்டனில் ஸ்கை பிளஸ் என்ற செயற்கைக்கோள் டிவி பெட்டி வந்தது. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். உள்ளே இரண்டு ட்யூனர், முதுகில் இரண்டு துளை. சுவரிலிருந்து எட்டிப் பார்ப்பதோ ஒரே ஒரு கேபிள்.

சிக்கனக்காரக் குடும்பத் தலைவர் என்ன செய்வார்? மலிவாக ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி, ஒன்றை இரண்டாக்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொள்வார்.

சிக்கல் கூரை மேல் காத்திருக்கிறது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலைகளை வாங்கும் எல்.என்.பி., சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலைகளைக் கொடுக்கும். 18 அனுப்பினால் கிடைமட்ட அலைகளை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸில் முனகினால் மேல் அலைவரிசைப் பட்டை, முனகாவிட்டால் கீழ்ப் பட்டை. ஒரே கம்பியில் இரண்டு ட்யூனர்கள் ஆளுக்கொரு கட்டளை போட்டால்? எந்த வீட்டிலும் நடப்பதுதான்: உரக்கக் கத்துகிறவர் ஜெயிப்பார். 18 வோல்ட்டுக்கு வெற்றி, 13 வோல்ட்டுக்குக் கறுப்புத் திரை. இரண்டு பேருக்கும் ஒரே அலை, ஒரே பட்டை தேவைப்படும் சுபமுகூர்த்தத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடும். அந்த அரைமணி நேரத்தை நம்பியே தலைவர் ஏணியை எடுக்க மாட்டார்.

இதற்கு மருந்து: தனிக்குடித்தனம். இரட்டை அல்லது நான்கு வாய் எல்.என்.பி.யிலிருந்து ட்யூனருக்கு ஒன்றாக இரண்டு தனிக் கேபிள்.

கடைசியில் ஏணி ஏறி, சுவரைத் துளைத்தாயிற்று; பதிவுகளும் நிரம்பிவிட்டன. பார்க்கத்தான் நேரமில்லை. மனிதனுக்கு இரண்டாவது ட்யூனர் வைக்கப் படைத்தவன் மறந்துவிட்டான்.