ஊழல் விசாரணை இயக்குநர் ஆவது எப்படி? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தாருக்கு மட்டும்

முதலில் நல்ல செய்தி. அனுபவம் கேட்பார்களே என்று நம் வட்டாரத்தில் யாரும் பயப்பட வேண்டாம். பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர், வில்லங்கச் சான்று வாங்கப் பதிவு அலுவலக வாசலில் வெயில் காய்ந்தவர், "சாரைக் கொஞ்சம் கவனிச்சிட்டுப் போங்க" என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்தே தொகையைக் கணக்கிடத் தெரிந்தவர், எல்லோருமே முழுத் தகுதி உள்ளவர்கள்தான். கெட்ட செய்தி, இந்தத் தகுதியை யாரும் கேட்கவில்லை.

கேட்பது வேறு. நாட்டிலேயே பெரிய நாற்காலியைக் குறி வைப்போம்: லோக்பாலின் விசாரணை இயக்குநர். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் கூடுதல் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். மத்திய அரசு அனுப்பும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் லோக்பால் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியும். நாளைக்கு எந்த அரசின் மந்திரிகளை நீங்கள் விசாரிக்கப் போகிறீர்களோ, இன்றைக்கு அந்த அரசின் பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும். எனவே 'யாருக்கும் அஞ்சாதவன்' என்ற வரியை விண்ணப்பத்திலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். 'எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்' போதும்.

அவசரமும் கூடாது. முதல் லோக்பாலாக பினாகி சந்திர கோஷ் பொறுப்பேற்றது 2019 மார்ச்சில். விசாரணைப் பிரிவை அமைக்கும் உத்தரவு வந்தது 2024 செப்டம்பரில். சட்டம் வந்த சமயம் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை அதற்குள் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும். விண்ணப்பத்தில் வயதை எழுதும்போது கொஞ்சம் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தன்விவரக் குறிப்பு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பி.ஜே. தாமஸ் 2010 செப்டம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் ஆனார். கேரளத்துப் பாமாயில் இறக்குமதி வழக்கில் அவர் பெயர் இருந்தது. தேர்வுக் குழுவிலிருந்த சுஷ்மா ஸ்வராஜ் அதைச் சொல்லி எதிர்த்தும், மற்ற இருவரின் வாக்கில் நியமனம் நடந்தது. 2011 மார்ச் 3ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆகவே உங்கள் மீது ஏதாவது வழக்கு நிலுவையில் இருந்தால், அதை 'ஊழல் வழக்குகளில் நேரடி அனுபவம்' என்ற தலைப்பில் சேர்க்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில் தொழில் தெரியுமா என்று பார்ப்பார்கள். மாநில லஞ்ச ஒழிப்புத் துறை 1964லிருந்து இருக்கிறது. அதன் பிரிவு விழுப்புரத்திலும் உண்டு. அவர்களுடைய வித்தை எளிது. நோட்டில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். விரல்களின் சொந்தக்காரர் எந்தத் துறை என்று கரைசல் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் 20 லட்சம் லஞ்சம் வாங்கியதாக அவர்கள் பிடித்தது ஓர் அமலாக்கத் துறை அதிகாரியை. பிடிக்கிற வேலைக்குப் போகிறவர் கை கழுவும் தண்ணீரையும் கவனிப்பது நல்லது.

உள்ளூர்க் கேள்வி நிச்சயம் வரும். தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை சுமார் 25 கோடியில் கட்டி 2020ல் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் கரையோரம் உடைந்தது. ஏன்? "தண்ணீர் வந்ததால்" என்று சொல்லுங்கள். தவறில்லாத பதில், யாரையும் புண்படுத்தாது. தடுப்பணைக்குத் தண்ணீர் வரும் என்று முன்பே தெரியாதா என்று எந்த அதிகாரியாவது திருப்பிக் கேட்டால், அவரும் இதே பதவிக்கு விண்ணப்பித்துத் தோற்றவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பொறுமையையும் சோதிப்பார்கள். திமுக ஆட்சியில் அமைச்சராக இருந்த பொன்முடி மீது 1996-2001 காலத்துச் சொத்துக் குவிப்பு வழக்கு பதிவானது 2002ல். விழுப்புரத்தில் நடந்துகொண்டிருந்தது வேலூருக்கு மாறியது. 2023 ஜூனில் விடுதலை என்று தீர்ப்பு. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே அதை மறுஆய்வுக்கு எடுத்தார். வழக்கைப் பதிவு செய்யும்போது இளைஞராக இருக்கும் விசாரணை அதிகாரி, சாட்சி சொல்லப் பேரனின் கைத்தாங்கலில் போக வேண்டியிருக்கும். மூட்டு வலித் தைலம் சொந்தச் செலவு.

'உங்களை அறிந்த பெரியவர்கள் இருவர்' என்ற இடத்தில் ஊர்ப்பெருமைக்காகக்கூட ஓமந்தூராரைச் சொல்லிவிடாதீர்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். சிபாரிசோடு வந்த சொந்தக் கட்சிக்காரர்களுக்கே வளைந்து கொடுக்கவில்லை. அந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் முதலமைச்சராக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், அவர் பெயரைக் காட்டி உள்ளே நுழைய நினைப்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். கண்டிப்பானவர்களுக்கு நாம் சிலை வைப்போம், நற்சான்று கேட்க மாட்டோம்.

வசதிகளைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கலாம். 2025 அக்டோபரில் லோக்பால் ஏழு பிஎம்டபிள்யூ கார்களுக்கு டெண்டர் கோரி, ஓட்டுநர்களுக்குப் பயிற்சியும் தரச் சொன்னது. எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

வேலை கிடைத்தாலும் பெட்டியை முழுதாகப் பிரிக்காதீர்கள். சிபிஐ இயக்குநர் அலோக் வர்மாவை 2018 அக்டோபர் 23 நள்ளிரவில் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். 2019 ஜனவரி 8ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்காரவைத்தது. 10ஆம் தேதி மறுபடியும் எழுப்பி, தீயணைப்புத் துறைக்குத் தலைவராக மாற்றினார்கள், அவர் போகவில்லை. படிவத்தில் 'விரும்பும் மாற்றுப் பணி' என்று ஒரு கட்டம் இருந்தால் அங்கே 'தீயணைப்பு' என்று இப்போதே நிரப்பிவிடுங்கள். பின்னால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை.