அண்ணாச்சி, பேரு என்ன போட?

அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் ஒருவருடைய மதிப்பு தெரிய வேண்டுமானால் அண்ணாந்து விசிறியைப் பார்த்தால் போதும். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயிண்டில் உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். சுற்றினால் எழுத்து தெரியாது. அதனால், விசிறி கொடுத்த வீட்டார் கரண்ட் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நிம்மதியாக ஜெபிக்கிறார்கள் என்பார் அப்பா. பெஞ்சு முதுகிலும் பேர், மணிக்கூண்டுப் படியிலும் பேர். எங்கள் பேர் மட்டும் எதிலும் கிடையாது.

அப்பா உபதேசியார். குடியிருந்த வீடு சபைக்குச் சொந்தம். நான் படித்த மேஜைகூடச் சேகரத்தின் சொத்துதான். குனிந்து பார்த்தால் அடியில் நம்பர் இருக்கும். ஊர் தேரி மணல் ஓரம். வெயில் நேரத்தில் கால் வைத்தால் கொப்பளிக்கும் செம்மணல். ஊரில் பாதிப்பேர் பனையேறிகள். பக்கத்து மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தோடு தூய பவுலின் ஆலயம் நிற்கிறது. இரண்டு பனையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினாலும் எட்டுமா என்பது சந்தேகம். அந்தக் கோபுரத்தை எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தச் சொத்து மாதிரி வெளியூர்க்காரர்களிடம் காட்டுவார்கள். சொத்து இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு வசதி.

யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை அப்பா வாசித்த ஞாயிறு ஒன்று மறக்காது. மோதிரம் போட்டு மினுக்கான உடையில் வருகிறவனுக்கு நல்ல இடம், கந்தலோடு வருகிறவனுக்குக் காலடி என்று பட்சபாதம் காட்டாதீர்கள் என்கிற பகுதி. வாசிப்பு பாதியில் இருக்கும்போது குவைத்திலிருந்து லீவில் வந்த ஒருவர் சென்ட் மணக்க உள்ளே நுழைந்தார். மணி அடிக்கிறவர் ஓடிப்போய் போதகர் ஐயர் அறையிலிருந்து நாற்காலி எடுத்துவந்து, மேல்துண்டால் தட்டி, முன்னால் போட்டார். அப்பா வாசிப்பை நிறுத்தவில்லை. சபையும் சிரிக்கவில்லை. எனக்கோ அந்த வசனத்தில் குறையொன்றும் படவில்லை, அந்த நாற்காலி எனக்கு எப்போது கிடைக்கும் என்பதுதான் யோசனை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இந்த யோசனை முற்றிப் போகும். சாமான்களைக் கோயில் திண்ணையில் பரப்பி வைப்பார்கள்: வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல், சீனி அவரை. பம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்தவருக்கும் குவைத்துக்காரருக்கும் ஒரு பப்பாளிப்பழத்தில் போட்டி. “ஒரு தரம்... ரெண்டு தரம்...” பழத்தைப் பற்றி இருவருக்குமே கவலை இல்லை. கடைசியில் ஜெயித்தவர் அதை அங்கேயே இன்னொரு தடவை ஏலத்துக்கு விட்டார். கைதட்டல் இன்னும் பலமாகக் கேட்டது. அடுத்து எங்கள் வீட்டு முருங்கைக்காய்க் கட்டு. ஏலம் போடுகிறவர் அதைத் தூக்கிக் காட்டினார், திருப்பிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. யாரோ இரக்கப்பட்டு எட்டணா சொல்ல, மூன்று தரமும் ஒரே மூச்சில் முடிந்தது.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், “நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியேப்பா?”

“ஏலத்தைப் பாத்தே இல்லா? ஒரு சாமானுக்கு என்ன வெலை குடுத்து எடுத்தானோ அதுதாம்லே அதுக்கு மதிப்பு. ஒன்னைய ஆண்டவர் என்ன வெலை குடுத்து எடுத்தாருன்னு சிலுவையில போய்ப் பாரு.”

சட்டை வாங்கித் தர முடியாதவர் சொல்லும் சமாதானம் என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். அப்பாவின் சட்டையிலும் காலர் திருப்பித் தைத்ததுதான்.

பொருளை ஒரேயடியாகத் தள்ளிப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் தாய்வழி நாகர்கோவில் பக்கம். தென் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடி வாங்கியவர்கள். 1859-இல் அரசாங்கம் இறங்கிவந்து உத்தரவு போடுகிறவரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. மிஷன் வீட்டம்மாக்கள் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயத்தை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தவளுக்கு வேதமும் மானமும் ஒரே நாளில் கிடைத்திருக்கும். அவளிடம் போய்த் துணியில் என்ன இருக்கிறது என்று பிரசங்கம் செய்தால் விளக்குமாறு எடுத்திருப்பாள். சரியாகத்தான் செய்திருப்பாள்.

இப்போது பாளையங்கோட்டையில் எனக்கு வீடு இருக்கிறது. வாசலில் ‘எபெனேசர்’ என்று கிரானைட்டில் பொறித்திருக்கிறது. கார் கண்ணாடியில் ‘இயேசு கொடுத்தது’ என்று மகன் ஒட்டியிருக்கிறான். மாதாமாதம் தவணை பிடிப்பது என்னவோ வங்கிதான். சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் விசா, பிளாட், பையனுக்கு சீட் என்று அடுக்குகிறார்கள். புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளெல்லாம் ஏசாயாவிலும் சங்கீதத்திலும் இனிப்பாகப் பார்த்துப் பொறுக்கியவை. யோபு முதல் அதிகாரத்திலிருந்து ஒரு அட்டை யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

வங்கியில் நான் வெகுகாலம் நகைக்கடன் பார்த்தவன். உரைகல்லில் தேய்த்து, கல் எடையைக் கழித்து, மதிப்பீட்டாளர் எழுதித் தரும் தொகைக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சில் மின்னும் சங்கிலிகளில் எது எங்கள் பெட்டகத்துப் பழைய விருந்தாளி என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மீட்டுப் போவார்கள். ஜனவரி முதல் வாரம் அதே துணிப்பையில் திரும்ப வரும். ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை, தொழில் தர்மம். ஆனால் விசிறி இறக்கையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய வேதபாடம் எந்த விடுமுறைப் பள்ளியிலும் நடந்திருக்காது.

ஓய்வு பெற்ற மறுநாளே டெலிபோன் அடங்கிப்போயிற்று. என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபடியே சிரித்தார்கள். என் கல் எடையைக் கழித்துப் பார்த்தால் நிகரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் திருவிருந்து ஆராதனையில் பின் பெஞ்சுக்கு மாறினேன். அங்கிருந்து பார்த்தால் கிராதியில் முழங்கால் படியிட்டவர்களின் முகம் தெரியாது, சங்கிலி தெரியாது. உள்ளங்கால்கள்தான் வரிசையாகத் தெரியும். தேரியில் நடந்து பாளம் பாளமாக வெடித்த குதிகால், அதை ஒட்டி கிரீம் பூசியும் வெடித்த ஒன்று, பக்கத்தில் டாக்டருடையது. ஐயர் எல்லாருக்கும் ஒரே அளவில் அப்பத்தைப் பிட்டு வைத்துக்கொண்டே போகிறார். யாருக்கும் நாற்காலி போடுவதில்லை. இந்தச் சின்னத் துண்டு எட்டணா முருங்கைக் கட்டான எனக்குமா என்று நினைத்தபோது அப்பாவின் ஏலக் கணக்கு புரிந்தது. என் பங்குக்கு நான் ஒன்றும் ஏற்றிக் கேட்க வேண்டியதில்லை. விலை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு எழுந்து வரும்போது யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் வந்தேன். எனக்கு அது புதிது.

சமீபத்தில் எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தரையில் டைல்ஸ் போட நன்கொடை அனுப்பினேன். இப்போது கியூ.ஆர். கோடு வந்துவிட்டது, கவரில் பேர் எழுதும் சிரமம்கூட இல்லை. பொருளாளர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, கல்லுல பேரு என்ன போட? அப்பா நினைவா போட்டிருவமா?”

“பேரு வேண்டாம்வே.”

“அப்போ யாரு குடுத்தான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாண்டாம்.”

பெரிய விடுதலை மாதிரி இருந்தது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லியிருக்கிறாள். போன ஞாயிறு ஊர்க் கோயிலில் அறிவிப்பு நேரத்தில் ஐயர், பேர் சொல்ல விரும்பாத நம் உபதேசியார் மகனுக்காக விசேஷமாக ஸ்தோத்திரம் பண்ணினார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் குனிந்துகொண்டேன், அதற்கு முன்னால் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு.