ப்ரொசீஜர் சார்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்கு இஎம்சி டெஸ்ட் (மெஷின் கிளப்பும் ரேடியோ இரைச்சலை அளக்கும் சோதனை) எடுக்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. காரிலிருந்து ஆன்டெனாவுக்கு முன்னால் அவருடைய ஃபைல் இறங்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘ப்ரொசீஜர் சார்’.

மேசைமேல் வைக்கிற கருவி என்றால் மேசை 80 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஒரு பட்டறையில் 79தான் வந்தது. நாலு காலுக்கும் பழைய தினத்தந்தியை மடித்துக் கொடுத்து, டேப் 80 காட்டிய பிறகுதான் சார் மூச்சு விட்டார். மேசை மரமா இரும்பா என்று பார்க்கவில்லை. அதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. இரும்பு மேசை.

ஆளுயர டிரைவ் பேனலை லேபுக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால் இன்னொரு நாள் ஆன்டெனாவே ஆலைக்கு வந்திருந்தது. 30 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து மேலே போனார். 98.3-ல் திரையில் ஒரு முள் எழும்பியது, குறித்துக்கொண்டார். 101.4-ல் இன்னொன்று, அதையும். 156.8-ல் ஒன்று விட்டு விட்டுத் தலைதூக்கியது. ‘வரம்பு மீறல்’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

காசிமேட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், மிர்ச்சி எஃப்எம்மைப் போய் எங்க பேனல் கணக்குல எழுதிக்கினு கீறே? அடுத்தது ரெயின்போ சார்.”

“வர்ற ரீடிங்கை எழுதணும்ப்பா. அவ்வளவுதான்.”

“அந்த 156.8 கப்பல்காரங்க பேசறது. பதினாறாம் சேனல். என் மச்சான் போட்லயே கீது. ஒரு தபா மெஷினை ஆஃப் பண்ணிப் பாரு சார்.”

“மெஷின் ஓடும்போதுதான் அளக்கணும்னு போட்டிருக்கு.”

போட்டிருப்பது உண்மை. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றுப்புறச் சத்தத்தையும் அளந்து பார், அது வரம்புக்கு 6 டெசிபலாவது கீழே இருக்கட்டும் என்று சொல்வதும் அதே தரநிலைதான். எழுதியவர்கள் விவரமானவர்கள். சார் கையில் இருப்பது, அதை யாரோ சுருக்கி, வேறு யாரோ ஜெராக்ஸ் எடுத்த இரண்டு பக்கம்.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின் தானாகவே நின்றது. மூன்று முள்ளும் நிற்கவில்லை. சார் இதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார்.

மெஷின் திரும்ப ஓடியதும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, பேனலைச் சுற்றித் தடவிக்கொண்டே போனார். கதவுக் கீலருகே ‘கர்ர்’ என்று கத்தியது. எர்த் பட்டை பெயின்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டில் உப்புக்காற்றுத் துரு வேறு. மெஷினை நிறுத்தி, பெயின்டைச் சுரண்டி, புது போல்ட் போட்டார். மறுபடி ஓடவிட்டபோது கத்தல் முனகலாகிவிட்டது.

இது குறுக்குவழி என்று சார் நினைத்திருக்கலாம். ஆனால் இந்த அளவுமுறைகளை வகுக்கும் சிஸ்பர் குழு 1934-ல் பாரிஸில் முதலில் கூடியதே ரேடியோ கேட்பவர்களின் தொல்லையைத் தீர்க்கத்தான். குவாசி-பீக் என்கிற அளவும், கரகரப்பு மனிதக் காதை எவ்வளவு எரிச்சல்படுத்தும் என்பதை மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தது. சாருடைய விலையுயர்ந்த ரிசீவருக்குள் இருப்பதும் ஒரு காதுதான். அதற்காக அண்ணன் காதை ரிப்போர்ட்டோடு பின் குத்தி அனுப்ப முடியாது. அடுத்த லேபில் அந்தக் காது கிடைக்காது. அந்த மட்டில் சார் கட்சிக்கும் நியாயம் உண்டு.

சார் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குக் காலிப்ரேஷன் சர்டிஃபிகேட் இருக்கா?”

“பேட்டரி புதுசு சார்.”

‘குறிப்பு’ என்ற கட்டத்தில் சார் எழுதினார்: பேட்டரி — புதியது.