அலாய் வீலும் அகத்திணையும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தேரேறிப் போகும் தலைவனைப் பற்றிச் சொன்ன தொல்காப்பியர், தேர்ச்சக்கரத்தை எதைக்கொண்டு துடைப்பது என்று சொல்லாமலே விட்டுவிட்டார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் அந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் காலத்தில் அலாய் வீல் இல்லை என்பது சமாதானமாகலாம், விடையாகாது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பார்க்கிங். கருதுகோள், அலாய் வீலை அழுக்கு கெடுப்பதைவிடக் கழுவுகிறவர் கெடுப்பதே அதிகம் என்பது.

முதலில் பொருளின் இயல்பு. அலாய் என்று பெயரே தவிர, பெரும்பகுதி அலுமினியம்தான். வார்ப்புக்கு வசதியாக ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கான், துளி மக்னீசியம். அதன்மேல் பெயிண்ட், பெயிண்டின்மேல் நிறமற்ற மெல்லிய லாக்கர். நாம் துடைப்பது உலோகத்தை அல்ல, இந்த லாக்கரை. இதை அறியாதவர் கையில் பாத்திரம் துலக்கும் கம்பி நார் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பார்க்கிங்கிலேயே சான்றுகள் நிற்கின்றன.

சக்கரத்து அழுக்கு, ஆராயுமிடத்து, ஐந்திணைப்படும்.

தலைமையானது குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்த காரின் முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பேடும் டிஸ்க்கும் உரசி உதிர்ந்த இரும்புத் துகள்கள் சூட்டோடு சூடாக லாக்கரில் போய்ப் பதிந்திருக்கும். ஈரம் பட்டதும் துருப்பிடித்து, ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும், சோப்புக்கு அசையாது. பின்சக்கரத்தில் இவ்வளவு இராது. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். அதோடு பல கார்களில் பின்னால் டிரம் பிரேக், அதன் தூளில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

இப்புணர்ச்சியைத் தேய்த்துப் பிரிக்க முயல்வது பண்பன்று, பயனுமன்று. இதற்கென்றே ஐயர்ன் ரிமூவர் என்றொரு திரவம் விற்கிறார்கள். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட், சுருள்முடிக்காரர்களாக ஆக விரும்புவோர் சலூனில் தலையில் பூசிக்கொள்ளும் அதே வகையறா. தெளித்த சில நிமிடங்களில் அது இரும்போடு வினைபுரிந்து, சக்கரம் முழுக்க ஊதா நிறத்தில் ஒழுகும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. மூக்குக்கோ அழுகிய முட்டை. கையுறை போட்டுக்கொண்டு, காய்வதற்குள் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும்.

குறிஞ்சியை அப்படியே விட்டால் பாலை ஆகும். இளங்கோவடிகள் சொன்னதும் ஏறத்தாழ இதுவே; அவர் நிலத்தை வைத்துச் சொன்னார். பாலைக்குரிய பிரிதல் இங்கே லாக்கர் உலோகத்தைப் பிரிதல். நண்பகல் வெயிலில் கழுவுகிறவர்களும் இத்திணைக்கு உரியவர்களே. அலசுவதற்குள் சோப்பு காய்ந்துவிடும், போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடும்.

எனவே கழுவத் தக்க பொழுது முல்லையின் மாலை, ஒழுக்கம் இருத்தல். ஓடி வந்த சக்கரம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீரை வாரி இறைத்தால் டிஸ்க் கோணிக்கொள்ளும் அபாயமும் உண்டு. சங்கத் தலைவி கார்காலம் வரை ஆற்றியிருந்தாள். நம்மவர்களால் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடிவதில்லை.

மருதம் விடியற்காலைக்கு உரியது, ஊடல் அதன் பொருள். கார் துடைக்க வருகிறவர் ஒரே வாளியோடு வருகிறார். சக்கரத்தைத் துடைத்த துணியை அதே தண்ணீரில் முக்கிப் பிழிந்து கதவைத் துடைக்கிறார். துணியில் ஒட்டியிருந்த மணல் கதவில் கோலம் போடுகிறது. எட்டு மணிக்கு ஓனர் இறங்கி வந்ததும் ஊடல் தொடங்குகிறது.

"என்னண்ணே, கோடு கோடா இருக்கு?"

"அது முன்னாடியே இருந்துச்சு சார்."

வாயில் மறுக்கும் துறையை வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறார். என் தீர்ப்பு அண்ணன் பக்கமே. சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி, இடுக்குகளுக்கு மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுக்காத ஓனருக்கு ஊட உரிமையில்லை.

நெய்தலில் இரங்கல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்லடி பட்டு லாக்கர் தெறித்த இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், உள்ளே அலுமினியம் அரித்து, புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் லாக்கருக்கு அடியிலேயே நெளிந்து நெளிந்து போகும். மேலே என்ன பூசினாலும் அது திரும்பாது. சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி. அப்படி இரங்காதிருக்க, கழுவி ஈரம் போகத் துடைத்தபின் சக்கரத்துக்கென்றே வரும் சீலன்ட்டை மெலிதாகப் பூசி வைக்கலாம். பிரேக் சூட்டில் சாதாரண வாக்ஸ் சீக்கிரம் போய்விடும். எதைப் பூசினாலும் டிஸ்க்கில் படக்கூடாது. பட்டால் அடுத்த சிக்னலில் வண்டி நிற்பது ஐயத்துக்குரியது.

ஐந்திணைக்குப் புறம்பாக இரண்டு உண்டு. பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம், பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவுதல். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தைத் தின்னும்போது நுரை பொங்கும். பார்ப்பவர் அழுக்கு போகிறது என்று மகிழ்வார். போவது சக்கரம். காஸ்டிக் சோடா கலந்த திரவங்களும் இந்தக் குடும்பமே.

கைக்கிளை, டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னி. நாலு அலாய் கொடுக்கும் கார்கள் பலவற்றில் ஐந்தாவது வெறும் ஸ்டீல் வீல்தான். யாரும் அதைக் கழுவியதாகத் தகவல் இல்லை. பஞ்சரான அன்று வேறு வழியில்லாமல் மாட்டுகிறார்கள். மாட்டிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு, பஞ்சர் கடைக்குப் போன் போடுகிறார்கள்.