கப்பல் குறைந்தது, குமாஸ்தா கூடினார்

கேள்வி: ஆபீசில் வேலை கூடாவிட்டாலும் ஆட்கள் மட்டும் ஏன் பெருகிக்கொண்டே போகிறார்கள்?

பதில்: சிங்கப்பூரில் சரித்திரப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1955-இல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையில் இதற்குக் கணக்கே காட்டினார். பிரிட்டிஷ் கடற்படையில் 1914-இல் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928-இல் 20. அதே காலத்தில் தலைமையக அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569! மிச்சக் கப்பலை எண்ண ஆள் போதவில்லை போலும்.

காரணமும் சொன்னார். வேலைப்பளு என்று புலம்பும் அதிகாரி, அதைச் சக அதிகாரியோடு பங்கு போட மாட்டார். நாளைக்குப் பதவி உயர்வுக்கு அவரே போட்டியாக வந்துவிட்டால்? உதவியாளர் கேட்பார். அதுவும் இருவர். ஒருவர் மட்டும் என்றால் அவர் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவாரே!

பிறகு அந்த இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பேர். முன்பு ஒருவர் பார்த்த வேலையை இப்போது ஏழு பேர் பார்க்கிறார்கள். கோப்பு எல்லா மேஜையையும் சுற்றி வருவதால், முதல் அதிகாரி இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.