முற்றுப்புள்ளியின் மகிமை
1997இல் நௌக்ரி.காம் என்ற வேலைவாய்ப்புத் தளம் வந்தது. அன்றுமுதல் வேலை தேடுவதே முழுநேர வேலை, சம்பளம்தான் இல்லை. தினமும் பல் துலக்குமுன் ரெஸ்யூமேயில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று புரொஃபைல் பளபளக்கும். மறுநாள் அதையே திரும்ப வையுங்கள். இதுவும் வளர்ச்சிதானே!

ரெஸ்யூமேயை ஏற்றியதும், அதிலுள்ள அத்தனையையும் கட்டம் கட்டமாக மறுபடி அடிக்கச் சொல்வார்கள். என்னே அக்கறை! 'ஃப்ரெஷர் தேவை, 3 ஆண்டு அனுபவம் அவசியம்' என்றால் தயங்காதீர்கள். ஃப்ரெஷராகவே 3 ஆண்டு இருந்த அனுபவம் உங்களைவிட யாருக்கு உண்டு? விளம்பரத்திலுள்ள சொற்களையெல்லாம் ரெஸ்யூமேயில் தூவுங்கள். வடிகட்டும் மென்பொருள் மகிழட்டும்.

பலன் நிச்சயம். சீக்கிரமே போன் வரும்.

"சார், பர்சனல் லோன் வேணுமா? சேலரி ஸ்லிப் மட்டும் அனுப்புங்க."